லிஃப்ட் கூரையில் ஏற்றியது யார்?

லிஃப்ட் மெக்கானிக்கின் மகள் படியேறிப் போகிறாள். வெறும் வாயை மெல்லுகிற நமக்கு இது அவல்.

லிஃப்ட் பழுதில்லை, நன்றாகவே ஓடுகிறது. ஆனாலும் நாலாவது மாடி வாலு, தன் எடையில் பாதி இருக்கும் பள்ளிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, திறந்து நிற்கிற லிஃப்டைப் பார்த்தும் பார்க்காதவள் போலத் திரும்பிப் படியில் கால் வைக்கிறாள். இரண்டாவது மாடியில் நின்று மூச்சு வாங்குகிறாள். ஏன் பாப்பா என்று கேட்டால், "எக்சர்சைஸ்" என்கிறாள். முதல் மாடிக்காரர்கள் பயம் என்றார்கள். மூன்றாவது மாடி, அம்மா மேல் கோபம் என்றது. நமக்கு இரண்டுமே ருசிக்கவில்லை.

நடுவில் வெளியூர் போய் வந்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கிச் சொல்லிவிடலாம்.

மெக்கானிக்குக்கும் பல்செட்காரிக்கும் விவாகரத்தானது பழைய செய்தி. பல்செட்காரி என்பது கேலியில்லை, தொழில். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், அவள் செட் செய்து கொடுப்பாள். இந்தத் தெருவில் பாதிப் பேரின் சிரிப்பு அவள் கைவேலை. மீதிப் பேர் அவளைக் கண்டால் சிரிக்காமல் போவதற்கு அவள் வாய் காரணம்.

போன மாதச் செய்தி, பிள்ளை யாரிடம் என்ற வழக்கின் தீர்ப்பு. வாலு அம்மாவிடம். அப்பா மாதாமாதம் வளர்ப்புச் செலவுக்குப் பணம் கட்ட வேண்டும். இவ்வளவும் எல்லாரும் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது அடுத்த பத்தி. இதுவரை சனி ஞாயிறு அப்பா வீட்டில் போய்த் தங்கிய வாலு, இனி அங்கே தங்கக் கூடாது. சனிக்கிழமைகளில் மட்டும், கோர்ட்டுக் கட்டடத்து அறை ஒன்றில், ஓர் அலுவலர் அம்மாவின் கண்ணெதிரே அப்பா அவளைப் பார்க்கலாம்.

காரணம், லிஃப்ட். வேலைக்கு மகளையும் கூட்டிப்போன மெக்கானிக், லிஃப்ட் பெட்டியின் கூரை மேல் அவளை ஏற்றினாராம். அம்மா சாட்சி சொன்னாள். "குழந்தை மேலே இருந்தாளா?" என்று கேட்டதற்கு மெக்கானிக் "இருந்தா" என்றார். "ஏற்றியது யார்?" என்று கேட்டதும், வாயில் திருகாணி வைத்திருக்கிறவர் போல நின்றார்.

மேல்முறையீடு செய்ய இன்று சாயங்காலம்தான் கடைசி. மெக்கானிக் முடியாது என்று சாதிக்கிறார்.

நிலவரம் இப்படி இருக்க, இன்று காலை பல்செட்காரி போய் ஏறினாள் பாருங்கள் ஒரு காரில்!

தெருமுனை டிரைவிங் ஸ்கூல் கார் அது. கூரையில் மஞ்சள் பலகை, இரண்டு பக்கமும் பிரேக். ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் மெக்கானிக்கின் கூடப்பிறந்த அக்கா. ஊருக்கு அவர் பிரேக் அக்கா. ஊரெல்லாம் ஓட்ட, இவர் காலால் நிறுத்தி நிறுத்திப் பழகிப்போய், நாற்காலியில் உட்கார்ந்து பேசினால்கூடப் பேச்சு வேகமெடுத்ததும் வலது காலைத் தரையில் அழுத்துவார்.

பல்செட்காரி நேரே ஸ்டியரிங் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

"என்னடி, வழி தவறி வந்துட்டியா?" என்றார் பிரேக் அக்கா.

"இல்ல அண்ணி. பேசணும்."

"இன்னும் அண்ணிதானா? கோர்ட்ல எல்லாத்தையும் ரத்து பண்ணிட்டாங்கன்னு நெனச்சேன்."

"அவருக்கும் எனக்கும்தான் ரத்து. அண்ணிய ரத்து பண்ணுங்கன்னு நான் மனு போடலயே."

பிரேக் அக்காவின் கால் தானாகத் தரையை அழுத்தியது. கார் இன்னும் கிளம்பவேயில்லை.

"ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப சரியான இடத்துலதான் உக்காந்திருக்க. கிளட்ச்ச மெதுவா விடு. பேசிக்கிட்டே போவோம். நின்னு பேசினா ஊரே வேடிக்கை பாக்கும்."

ஊர் அப்போதும் வேடிக்கை பார்த்தது. கார் போன வேகத்துக்கு, கடைக்குப் போகிறவர்கள் கூடவே நடந்து முழுப் பேச்சையும் கேட்டார்கள். கண்ணாடி வேறு இறக்கியிருந்தது.

"அவர அப்பீல் போகச் சொல்லுங்க அண்ணி."

கார் குலுங்கி நின்றது. இரண்டு பிரேக்கையும் ஒரே நேரத்தில் மிதித்திருப்பார்கள் போல.

"ஏண்டி, ஜெயிச்சவ நீ. ஜெயிச்சவளே வந்து, தோத்தவன மறுபடி சண்டைக்கு வான்னு கூப்பிடற கூத்த இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"நானே போறேன்னு என் வக்கீலக் கேட்டேன். ஜெயிச்சவங்களுக்கு என்னம்மா அப்பீல், போய் நிம்மதியாத் தூங்குங்கன்னுட்டார். தோத்தவர்தான் போக முடியுமாம்."

"உனக்குத் தூக்கம் வரலையாக்கும்?"

"தீர்ப்பப் பொறுமையாப் படிச்சேன் அண்ணி. குழந்தைய 'அடிக்கடி' லிஃப்ட் மேல ஏத்துவார்னு எழுதியிருக்கு. நான் சொன்னது ஒரே ஒரு தடவ. என் சாட்சியத்துலயும் அப்படித்தான் பதிவாகியிருக்கு. இந்த அடிக்கடி எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியல."

"அத அங்கயே சொல்றதுக்கென்ன? வாய்க்கு அன்னிக்கு லீவா?"

பல்செட்காரி கைக்கு அகப்படாத கியரைத் தேடினாள். "தீர்ப்பு வாசிச்சப்ப 'தாயிடம்'ங்கற வார்த்தை மட்டும்தான் காதுல விழுந்துச்சு. அதுக்கப்பறம் எதுவுமே கேக்கல."

பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஹாரன் மூலம் கருத்துச் சொன்னார்.

"போன சனிக்கிழமை மொத தடவயா அந்த ரூமுக்குக் கூட்டிட்டுப் போனேன்," என்றாள், வண்டியைக் கிளப்பத் தெரியாமல் கிளப்பிக்கொண்டே. "கண்ணாடிக் கதவு வழியாப் பாத்தேன். ரெண்டு பேரும் பேங்க்ல லோன் கேக்க வந்தவங்க மாதிரி எதிரெதிர உக்காந்திருக்காங்க. சாப்ட்டியாங்கறார். சாப்ட்டேன்ங்கறா. அந்த ஆபீசர் அம்மா அதக் குறிச்சுக்கறாங்க. அண்ணி, இவ அவர் தோள்ல ஏறி, காத ஸ்டியரிங்காத் திருகி ஓட்டினவ. அன்னிலேருந்துதான் லிஃப்ட்ல ஏற மாட்டேங்கறா."

"சரி, அப்பீல்னு போனா பணத்தையும் சேத்துத்தான் பாப்பாங்க. அவ அங்க தங்கற நாள் கூடினா உனக்கு வர்றது குறையும். அது தெரியுமில்ல?"

"குறைஞ்சா ரெண்டு செட் கூடப் பண்றேன். ஊர்ல பல்லு விழறது நிக்கவா போகுது?"

பிரேக் அக்கா கையை நீட்டி முன்னால் இருந்த சின்னப் பெட்டியைத் திறந்தார். சாலை விதிப் புத்தகத்துக்குக் கீழே ஒரு கட்டுத் தாள்.

"அப்பீல் மனு. வக்கீலம்மாகிட்டச் சொல்லி டைப் பண்ணி வச்சாச்சு. அவன் கையெழுத்துதான் பாக்கி."

"அவர் கேக்காமலா?"

"அவன் கேட்டு நான் எதச் செஞ்சிருக்கேன்? உன்னப் பொண்ணு பாக்க வந்ததே அவன் கேட்டா வந்தோம்?"

அங்கேயே ஓரமாக நிறுத்தி வக்கீலம்மாவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டது நமக்காக இல்லை, ஆனாலும் நன்றி.

"சும்மா பழைய கோர்ட்லயே போய் மாத்திக் குடுங்கன்னு கேக்க முடியாதா மேடம்?"

"நிலைமை மாறியிருந்தா கேக்கலாம்," என்றது போன். "வேலை மாறிச்சு, வீடு மாறிச்சுன்னு ஏதாவது வேணும். இங்க மாறினது ஒண்ணுமில்ல. பதிவுல ஒண்ணு இருக்கு, தீர்ப்புல வேற இருக்கு. அதுக்கு அப்பீல்தான். ஆனா, மேல போய்ப் புதுக்கதை சொல்ல பொதுவா விடமாட்டாங்க. யார் ஏத்தினாங்கன்னு கேட்டதுக்கு உங்க தம்பி வாயத் திறக்கல. அது அப்படியேதான் நிக்கும். பிள்ளை விஷயமா இருக்கறதால, ஜட்ஜ் சில சமயம் பிள்ளையத் தனியாத் தன் ரூமுக்குக் கூப்பிட்டுப் பேசுவாங்க. அதுக்கும் தயாரா இருங்க. ஆமா, பக்கத்துல யாரோ மூச்சு விடற சத்தம் கேக்குதே?"

"ஸ்டூடண்ட்," என்றார் பிரேக் அக்கா.

மெக்கானிக்குக்கு இன்று கடைவீதிப் பக்கம் ஒரு மருத்துவக் கட்டடத்தில் வேலை. ஐந்து மாடியும் டாக்டர்கள். அதிலும் முழங்கால் டாக்டர் ஐந்தாவது மாடி. லிஃப்ட் நின்றுபோனதில், அவரிடம் காட்ட வந்தவர்களெல்லாம் கீழே பெஞ்சில் உட்கார்ந்து யாரையோ சபித்துக்கொண்டிருந்தார்கள். நம் முதல் மாடி மீசைக்காரரும் இன்று பார்த்துப் பல்வலி என்று அங்கே போயிருந்தார். எந்தப் பல் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்லுவார். இனி வருவது அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

தரைத்தளத்து லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது. முன்னால் மஞ்சள் தடுப்பு. பெட்டி கீழ்த்தளத்துக் கார் நிறுத்தத்துக்கு இறங்கியிருக்க, அதன் கூரையில் நின்ற மெக்கானிக் நெஞ்சுக்கு மேலேதான் தெரிந்தார். பிரேக் அக்காவோடு வந்த பல்செட்காரி தடுப்பை ஒட்டி நின்று குனிந்து பேசினாள். இத்தனை வருஷத்தில் அவர் வேலை செய்வதை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவையாம்.

"நீங்க அப்பீல் போகணும்."

"அக்கா கிளப்பி விட்டாளா?"

"நான்தான் அவங்களக் கிளப்பினேன். தீர்ப்புல தப்பு இருக்குங்க. ஒரு தடவைய அடிக்கடின்னு எழுதியிருக்காங்க."

மெக்கானிக் ஸ்பேனரைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த ஸ்பேனர்தான். "ஒரு தடவையோ நூறு தடவையோ, நடந்தது நடந்ததுதான். அந்தத் தண்டனை எனக்கு வேணும்."

"உங்களுக்கு வேணும்னா நீங்க வச்சுக்கோங்க. அவளுக்கு எதுக்கு? படியேறிப் படியேறி அவ முட்டி தேயுது."

"படியிலயா?" அவர் நிமிர்ந்தார். "ஏன்?"

"உங்களத்தான் கேக்கணும். அன்னிக்கு என்னதான் நடந்துச்சு? அவள ஏன் மேல ஏத்தினீங்க?"

கோர்ட்டில் நின்ற அதே முகம். அதே திருகாணி.

"வேலை இருக்கு," என்றார். பிறகு உரக்க, யாருக்கோ சொல்வது போல, "பிடிச்சாச்சா?"

பல்செட்காரி திடுக்கிட்டுத் தடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அவர் கேட்டது அவளை அல்ல. இடது பக்கம் திரும்பினார், வலது பக்கம் திரும்பினார், குனிந்து காலுக்குப் பின்னால் பார்த்தார். அப்புறம் தனக்குத்தானே "பிடிச்சாச்சு" என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினார். பெட்டி மெல்ல மேலே ஏற, அவர் இடுப்பு தெரிந்தது, முட்டி தெரிந்தது, கடைசியில் பூட்ஸும் மறைந்தது.

பேச்சு பிடிக்காமல் எழுந்து போகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். பேச்சு பிடிக்காமல் மேலே போகிறவரை இப்போதுதான் பார்க்கிறோம்.

"யாரு அண்ணி மேல? யார்கிட்ட கேக்கறார்?"

"யாருமில்ல. அது அவங்க வழக்கம்," என்றார் பிரேக் அக்கா. "மேல நிக்கறவங்க எல்லாம் கம்பியப் பிடிச்சுட்டேன்னு வாயால சொன்னாத்தான் நகர்த்தணும். கூட ஆள் இருந்தா அவன் பதில் சொல்வான். தனியா இருந்தா தானே கேட்டுத் தானே சொல்லிக்குவான். தூக்கத்துல எழுப்பினாலும் அதான் வரும். ஆனா இந்தச் சுத்திச் சுத்திப் பாக்கறது புதுசு. முன்னல்லாம் திரும்ப மாட்டான்."

பல்செட்காரி மேலே பார்த்துக்கொண்டே நின்றாள். பல்லின் அளவைப் பார்த்தே கடிக்கிற ஆளின் குணத்தைச் சொல்லிவிடுகிறவள் அவள். எங்கேயோ ஒன்று பொருந்தவில்லை என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும்.

பள்ளி விட்டதும் வாலு காரின் பின் சீட்டில் வந்து விழுந்தாள். முன்னால் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்ததும் கண் விரிந்தது.

"அத்தை! அம்மாவுக்கு லைசென்ஸ் குடுத்துட்டாதீங்க. தெருவுக்கு ஆபத்து."

"உங்கம்மா ஓட்டினா ஆபத்து தெருவுக்கு இல்லடி, என் காலுக்கு."

வாலு சிரித்தாள். யாரைப் பார்த்தாலும் அப்படியே செய்து காட்டுகிற பிள்ளை. அத்தை குரலில் "கிளட்ச்... கிளட்ச்ச விடு... அய்யோ விடாத!" என்று கத்திக் காட்டினாள். பிரேக் அக்காவே அசந்து போனார்.

"அப்பா வேலை செய்யறத அதே மாதிரி செஞ்சு காட்டேன்," என்றாள் பல்செட்காரி, வெளியே பார்த்தபடி.

வாலு சீட்டில் நிமிர்ந்து, தோளை விரித்துக்கொண்டாள். கட்டைக் குரல். "பிடிச்சாச்சா?" ஒரு நொடி இடைவெளி. "பிடிச்சாச்சு!" கட்டை விரலால் காற்றில் பொத்தான் அழுத்தினாள். "ட்ர்ர்ர்..."

"அன்னிக்கு நீ மேல இருந்தப்பவும் இப்படித்தானா?"

"ஆமா, இப்படித்தான்."

"பிடிச்சாச்சுன்னு சொன்னது நீயா, அப்பாவா?"

"அப்பாதான். நான் பின்னாடி நிக்கறது அவருக்குத் தெரி..."

ட்ர்ர்ர் நின்றது.

பிரேக் அக்காவின் கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது.

வாலுவின் முகம் கோணியது. "வெளிய டூல்ஸ் பை மேல உக்காருன்னுதான் சொன்னார். தடுப்பத் தாண்டாதன்னு சொன்னார். ஒயரப் பாத்துக் குனிஞ்சிருந்தாரா, நான்தான் மெதுவா அவர் பின்னாடி லிஃப்ட் மேல இறங்கி நின்னுட்டேன். இத்துனூண்டு நகந்துச்சு. நான் கத்திட்டேன். அப்பா உடனே நிறுத்தி என்னத் தூக்கி வெளிய விட்டுட்டு... அம்மா, அப்பா அப்படியே தரையில உக்காந்துட்டார். திட்டவே இல்ல."

"அப்ப என்கிட்ட ஏன் அப்பா ஏத்தினார்னு சொன்ன?"

"நீ திட்டுவியே."

பல்செட்காரி வாயைத் திறந்தாள், மூடினாள். அவள் வாய்க்கு இது அபூர்வம்.

"அதான் லிஃப்ட்ல ஏறலையா கண்ணு?" என்றார் அத்தை.

"லிஃப்ட்ல கண்ணாடி இருக்கே அத்தை. நாலு மாடி வரைக்கும் என்னையே பாத்துக்கிட்டு நிக்கணும்."

அதற்குப் பிறகு காரை ஓட்டியது பிரேக் அக்கா. அந்தக் கார் மூன்றாவது கியரைப் பார்த்ததே இன்றுதான்.

மெக்கானிக் வேலை முடித்துத் தடுப்பை மடித்துக்கொண்டிருந்தார். மகளைக் கண்டதும் முகம் மலர்ந்து, உடனே இரண்டடி பின்வாங்கினார்.

"இன்னிக்குச் சனிக்கிழமை இல்லையே. நான் பாக்கக் கூடாது."

"லிஃப்ட் ரிப்பேர் பாக்க வந்த ஆள யார் வேணா பாக்கலாம்," என்றாள் பல்செட்காரி.

வாலு நேராகப் போய் அவர் முன்னால் நின்றாள். "அப்பா, நான் சொல்லிட்டேன்."

அவர் அவளைப் பார்க்கவில்லை, அவள் அம்மாவைப் பார்த்தார். "இத எங்கயும் எழுதக் கூடாது. பிள்ளை பொய் சொன்னான்னு கோர்ட்டுப் பேப்பர்ல இருக்கக் கூடாது. திரும்பிப் பாக்காம பிடிச்சாச்சுன்னு சொன்னது நான். அது என் தப்பு."

"எழுதல. அடிக்கடின்னு இருக்கறது தப்பு, அவ்வளவுதான் மனுவுல இருக்கு."

"ஜட்ஜ் அவளக் கூப்பிட்டு வச்சுக் கேட்டா?"

"கேட்டா நான் சொல்வேன்," என்றாள் வாலு. "உங்க ரெண்டு பேர் மாதிரி நான் என்ன ஊமையா?"

அம்மாவை ஊமை என்றவர் உலகத்தில் அவள் ஒருத்திதான்.

பிரேக் அக்கா தாளை நீட்டினார். "போடுடா. கோர்ட்டு ஆபீஸ் மூடப் போறான். இது போனா அந்தக் கண்ணாடி ரூம்தான் காலத்துக்கும்."

மெக்கானிக் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஓரத்தில் கிரீஸோடு கட்டை விரல் பதிந்தது.

"கையெழுத்துக் கேட்டா கைநாட்டும் இலவசமாப் போட்டுட்டான்," என்று பறித்துக்கொண்டு ஓடினார் பிரேக் அக்கா. மஞ்சள் பலகைக் கார் போன வேகத்தைப் பார்த்துப் போக்குவரத்துக் காவலரே வழிவிட்டார் என்று கேள்வி.

மீதி மூன்று பேரும் லிஃப்டின் முன்னால். பழுது பார்த்தபின் முதல் ஓட்டம் மெக்கானிக்தான் போக வேண்டும். உள்ளே போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூப்பிடவில்லை.

உள்ளே பின்சுவர் முழுக்கக் கண்ணாடி. வாலு வாசலில் நின்று அதில் தெரிந்த தன்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு நாக்கை நீட்டிக் காட்டிவிட்டு உள்ளே போய்க் கம்பியைப் பிடித்தாள்.

"பிடிச்சாச்சா?" என்றார் அப்பா.

அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"பிடிச்சாச்சாம்மா?"

"நான் பிடிச்சுட்டேன். அம்மா இன்னும் வெளிய நிக்கறா."

பல்செட்காரி சுற்றுமுற்றும் பார்த்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த முழங்கால்களெல்லாம் அவளையே பார்த்தன. அவள் உள்ளே போனாள். கம்பியின் அந்தக் கோடியைப் பிடித்தாள்.

"பிடிச்சாச்சு," என்றாள்.

மெக்கானிக் அப்போதும் இருபக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பொத்தானைத் தொட்டார். கதவு நகரத் தொடங்கியபோது அவள் பையில் போன் அடித்தது.

"அண்ணி!" என்று அவள் பையைத் துழாவுவது வரைதான் தெரிந்தது. கதவு மூடிக்கொண்டது. போன் மணிச் சத்தம் மேலே மேலே போய், முதல் மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவில் பட்டென்று அறுந்தது. லிஃப்டுக்குள் சிக்னல் ஏது?

ஆபீஸ் திறந்திருந்ததா, மூடியிருந்ததா? மீசைக்காரர் பல்வலியை மறந்து கன்னத்தை விட்டுவிட்டுப் படியில் பாய்ந்தார். இரண்டாவது மாடியில், வாலு மூச்சு வாங்க நிற்பாளே, அதே மாதிரி நின்று எட்டிப் பார்த்தார்.

லிஃப்ட் எங்கேயும் நிற்காமல் மேலே போய்க்கொண்டிருந்தது.